திங்கட்கிழமைக் கத்தரி

சலூன்காரருக்கு வாய் எங்கே இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வலது கையில் இருந்தது. கையில் கத்தரி ஏறினால் வாய் திறந்துகொள்ளும். கத்தரியைக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் தட்டில் வைத்தாரோ இல்லையோ, வாயும் கடையை அடைத்துவிடும். தெருவில் எல்லாருக்கும் இது தெரியும், அவரைத் தவிர.

அவர் முடியை வெட்டும் நேரத்தைவிடக் காற்றை வெட்டும் நேரம்தான் அதிகம். இரண்டு வெட்டுக்கு நடுவே கத்தரியை வாடிக்கையாளரின் காதுக்கு மேலே தூக்கிப் பிடித்து, சும்மா சரக் சரக்கென்று அடித்துக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தத்தில்தான் கதை ஓடும். யார் வீட்டு நாய் யார் வீட்டுச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனது, எந்த வாத்தியார் தூக்கத்தில் பாடம் நடத்துகிறார், யார் தன் சொந்த மாமனாரை அடையாளம் தெரியாமல் வழி கேட்டார், எல்லாம் வரும். ஒரு காது முடிந்து மறு காதுக்குப் போகும்போது கதை சரியாகப் பாதியில் நிற்கும். தலை முடிந்து காசும் கொடுத்துவிட்டவர்கள் மிச்சக் கதைக்காகப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவே ஒரு பிளாஸ்டிக் திரை. சாயங்காலம் அந்தத் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் மனிதர் வேறு ஆள். "ம்" என்பார். "சரி" என்பார். சாப்பாட்டில் உப்பு இருந்தாலும் "ம்", இல்லாவிட்டாலும் "ம்".

"ஊருக்கெல்லாம் ரேடியோ. எனக்கு மட்டும் கரண்ட் கட்" என்பாள் அவர் மனைவி. தெரு அவளைச் சலூனம்மா என்று கூப்பிடும். சமையலறையில் பாத்திரம் கழுவும்போது திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வெடிப்பது அவளுக்குக் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் தெரியாது. குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். கத்தரிச் சத்தம்தான் கேட்கும்.

இனிக் கொடிக்கு வருகிறேன்.

சலூனம்மாவின் அப்பா ரயில்வே கேட் கீப்பர். ஊரைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டி, ஒரே அறையும் ஒரு சிம்னியுமாக இருந்தது அவருடைய வீடு. அந்த வீட்டு வாசலில் ஒரு கொடி. வசந்தம் வந்தால் இலைக்கு முன்னால் பூ வந்துவிடும். திராட்சைக்குலை தொங்குவதைப் போல நீளநீளமாக நீலக் கொத்து, ஊதாவும் கலந்த நீலம். ரயிலில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் அதற்கு நீலக்கொடி என்று பேர். உறைபனியில் குச்சிகுச்சியாகச் செத்துக் கிடப்பது போலக் கிடக்கும், ஆனால் அதைச் சாகடிக்க யாராலும் முடியாது. அவ்வளவு கெட்டி உயிர்.

அப்போது சலூன்காரர் வாலிபப் பையன். பெரிய கடை ஒன்றில் வேலை. சைக்கிளில் அந்த கேட்டைக் கடந்துதான் போக வேண்டும். கேட் மூடியிருந்தால் கொடிக்கடியில் நிற்பார், அந்தப் பெண் குடத்தோடு வெளியே வருவாள். அவருடைய சைக்கிள் அங்கே நிற்கிற நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போனது. ஒரு நாள் கேட் கீப்பர் கொடியைத் தொட்டுக்கொண்டு, பொறுமையாகச் சொன்னார்:

"தம்பி, ரயில் போய் அரை மணி ஆச்சு. கேட்டையும் தொறந்து வெச்சிட்டேன். இனிமே நீங்க போகலாம்."

அசடு வழிந்துகொண்டு போனவர் மறுநாளும் வந்து நின்றார். கல்யாணத்தில் முடிந்தது.

சில வருஷம் கழித்து அங்கே பாலம் வந்தது. அப்பாவும் அப்போது இல்லை. கேட் வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சலூனம்மா அழுதுகொண்டே ஓடினாள். தரையோடு படர்ந்து வேர்விட்டிருந்த ஒரு கிளையைத் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார்கள். சொந்தக் கடை போட்டு, பின்கட்டுக்குக் குடி வந்த புதிது. கொல்லைச் சுவரோரம் குழி தோண்டி அவரே நட்டார். நட்டுவிட்டு மண் கையோடு நிமிர்ந்தார்.

"இன்னும் மூணு வருஷத்துல உங்கப்பா வீட்டு வாசல் மாதிரி இதைப் பூக்க வெக்கல, நான் கத்தரியக் கீழ வெச்சிடறேன், பாரு!"

சொன்னது சொன்னதுதான். மூன்று வருஷம் போயிற்று. முப்பது வருஷமும் போயிற்று. ஒரு பூ இல்லை.

கொடி வளரவில்லை என்று யாரும் வாயைத் திறக்க முடியாது. பேயாக வளர்ந்தது. அடிமரம் சலூன்காரரின் முழங்கைப் பருமனுக்கு முறுக்கிக்கொண்டு போனது. சுவரில் ஆணி அடித்து இழுத்திருந்த கம்பியை வளைத்தது. மழைநீர்க் குழாயைக் கட்டிப்பிடித்து மேலே ஏறி, ஓட்டுக்கு அடியில் விரலை நுழைத்தது. எல்லாம் இலை. வளராமல் என்ன செய்யும்? கடையில் பெருக்கிய முடி அத்தனையும் அதன் காலடியில்தானே புதைகிறது! "செடிக்கு முடி ரொம்ப நல்ல உரம்" என்று எங்கோ கேட்டுவிட்டு, தினமும் சாயங்காலம் ஒரு முறம் முடியைக் கொண்டுபோய்க் கொட்டி மண்ணைத் தள்ளுவார். தெருவின் பாதித் தலை அந்தக் கொடிக்குள் இருந்தது. அவர்களுடைய மகளின் முதல் முடியும் அங்கேதான். பிறகு போய்ச் சேர்ந்துவிட்ட தபால்காரரின் வெள்ளை முடியும் அங்கேதான்.

வருஷத்துக்கு ஒரு சுற்று அவருக்கு அந்தக் கொடியோடு வேலை. வசந்தத்தில் புதுத் தளிர் வந்ததும் பழைய துண்டைக் கிழித்துத் துணி நாடாவால் கம்பியில் கட்டுவார், இறுக்காமல், ஒரு விரல் உள்ளே போகிற மாதிரி. கோடையில் ராத்திரி கடையடைத்ததும் வாளிவாளியாகத் தண்ணீர். சாட்டை போல நீண்டு காற்றில் ஆடும் கொடிகளை அப்படியே விட்டுவிடுவார். "வளரட்டும், வளரட்டும், வளர்ற வயசு" என்பார். குளிர் தொடங்கி இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிய பிறகுதான் அவருடைய நேரம் வரும்.

சலூனுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற மாதங்களில் திங்கட்கிழமையும் அவர் வீட்டில் இருக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு முடிவெட்டப் போய்விடுவார். இலை கொட்டிய அந்த ஒரு மாதம் மட்டும் எல்லாத் திங்கட்கிழமையும் கொடிக்குத்தான். காலையில் டீயைக் குடித்துவிட்டு, கடையில் இருக்கும் உயரமான ஸ்டூலைத் தூக்கிவந்து சுவரோரம் போடுவார். கொல்லைத் தரை மேடும் பள்ளமும். ஸ்டூல் ஆடும். ஆகவே அதைச் சலூனம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மேலே ஏறினால் அவர் தோட்டக்காரர் இல்லை, அப்பட்டமான சலூன்காரர். இடது கையில் சீப்பு, வலது கையில் கத்தரி. கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சீப்பு! கிளைகளைச் சீப்பால் ஒதுக்கி, குட்டையாய் நிற்கும் ஒவ்வொரு குச்சியையும் சுவரோடு சுவராக ஒட்ட நறுக்குவார். தடித்த கிளைக்குப் பெரிய கத்தரி, மெல்லியதுக்குக் கடைக் கத்தரி. ஓர் இடத்தில் மேடு, ஓர் இடத்தில் பள்ளம் என்று இருக்கக் கூடாது. பின்கழுத்துக்கு மட்டம் பிடிப்பதைப் போலக் கடைசியில் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிசிறு தெரிந்தால் மறுபடி ஏறுவார். ஒரு திங்கட்கிழமைக்கு ஒரு கை நீளம்தான் நகரும். அதனால்தான் ஒரு மாதம்.

கத்தரி கையில் இருக்கிறது அல்லவா? வாயும் திறந்திருக்கும். அந்த வருஷத்துக் கதை அத்தனையும் ஸ்டூல் உச்சியிலிருந்து கொட்டும். கீழே நிற்பவள் சிரித்துச் சிரித்து ஸ்டூலை ஆட்டுவாள்.

"ஏய், பிடிம்மா! நான் விழுந்தா தெருவுல யாருக்கும் கிருதா ஒழுங்கா இருக்காது!"

"நீங்க கதைய நிறுத்துங்க, நான் நிறுத்தறேன்."

நிறுத்த மாட்டார். கத்தரி காற்றில் சரக் சரக்கென்று அடிக்கும். அவளும் நிறுத்தச் சொன்னதில்லை.

வசந்தம் வரும். இலை வரும். பூ வராது. இதுகூடப் பரவாயில்லை. கொல்லைச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் ஒரு கிளை போயிருந்தது. அங்கே மட்டும் வருஷா வருஷம் குலைகுலையாய்ப் பூத்தது!

அடுத்த வீடு பல் டாக்டருடையது. அவர் தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது. சலூன் படியை மிதிக்கத் தேவையில்லாத ஒரே மனிதர். அவருக்குப் போய் இந்த அதிர்ஷ்டம் என்று சலூன்காரருக்கு வயிறு எரிந்தது. டாக்டர் நல்ல மனுஷர். அந்தப் பூவில் நாலு கொத்தை ஒடித்து, கண்ணாடி டம்ளரில் வைத்து, அழகாக அனுப்பிவைப்பார். அது வந்து சேர்ந்ததும் சலூன்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"வேரு நம்ம பக்கம், தண்ணி நம்ம பக்கம், முடி நம்ம பக்கம். பூ மட்டும் அவர் பக்கமா?"

ஒரு வருஷம் பொறுக்கமாட்டாமல் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டேவிட்டார். "டாக்டர், நீங்க அதுக்கு என்னதான் செய்றீங்க?"

டாக்டர் திகைத்தார். "ஒண்ணுமே செய்றதில்லையே சார். ஏணி கிடையாது, நேரமும் கிடையாது. வேணும்னா நீங்களே எடுத்துக்கோங்க. எனக்கு மூக்கடைப்பு, வாசனைகூடத் தெரியாது."

மனிதர் மறைக்கிறார் என்றுதான் சலூன்காரர் நினைத்தார். அந்தப் பக்கம் வெயில் அதிகம் என்று முடிவு கட்டினார். இந்தப் பக்கத்து மண்ணை மாற்றினார், சுவருக்கு வெள்ளையடித்து வெளிச்சம் கூட்டினார், முடியை இரட்டிப்பாக்கினார். குளிர்காலத்தில் முன்னைவிட ஒட்ட வெட்டினார். சலூனம்மாவோ டம்ளர் பூவைச் சமையலறை ஜன்னலில் வைத்து, அது உதிரும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

"போகட்டும் விடுங்க. இலை இருக்கு, நிழல் இருக்கு. போதும்" என்பாள்.

அவர் விடவில்லை. போதாது. அந்த வாசலில் குடத்தோடு நின்ற பெண்ணுக்கு அவர் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். வேறு நகை நட்டு எதற்கும் அவர் வாக்குக் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

போன குளிர்காலத் தொடக்கத்தில் முதல் திங்கட்கிழமை வந்தது. வழக்கம்போலச் சமையலறை ஜன்னல் ஓரத்திலிருந்து தொடங்கி ஒரு கை நீளம் வெட்டி முடித்தார். நாடகத்தில் ராஜா வேஷம் போடுகிறவர் ஒட்டு மீசையோடு மீசை திருத்த வந்த கதையைச் சொன்னார். சலூனம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வர, ஸ்டூல் ஆடோ ஆடென்று ஆடியது. அதிலிருந்து அவர் விழவில்லை. மறுநாள் கடையில், தலை கழுவிய தண்ணீர் சிந்தியிருந்த தரையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு. எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. முழங்கைவரை மாவுக்கட்டு.

மகள் ஓடிவந்தாள். அவள் வேறு ஊரில், ஏழாவது மாடியில், லிஃப்ட் வைத்த வீட்டில் இருக்கிறாள்.

"அப்பா, போதும்ப்பா. கை கூடினாலும் நாள் பூரா நின்னு வெட்ட முடியாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. அம்மாவும் நீங்களும் எங்கூட வந்துடுங்க."

சலூன்காரர் தாளில் இல்லாத கணக்கெல்லாம் மனசில் போட்டுப் பார்த்தார். கடையை இத்தனை வருஷம் கூடவே இரண்டாவது நாற்காலியில் நின்று வெட்டியவருக்கே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அவரை எல்லாரும் ரெண்டாம் நாற்காலி என்றுதான் கூப்பிடுவார்கள். தங்கமான மனுஷர், ஆனால் முடிவெட்டும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார். வீட்டையும் அவரே எடுத்துக்கொள்வார். வசந்தம் முடிந்ததும் கிளம்ப வேண்டும்.

ஆக, இன்னும் ஒரே ஒரு வசந்தம்தான் பாக்கி. அதற்குள் அது பூக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் வாக்கு வாக்கில்லை, அவ்வளவுதான். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலில் நின்று கொடியைப் பார்ப்பார். ஒரு கை நீளம் மட்டும் ஒட்ட வெட்டியிருக்க, மிச்சமெல்லாம் நாலு நாள் ஷேவ் பண்ணாத முகம் மாதிரி கிடந்தது. அவருக்கு உடம்பே அரித்தது.

ரெண்டாம் நாற்காலி பார்த்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை தானாகவே வந்தார். "அண்ணே, நான் வெட்டி விடறேன். எப்படின்னு சொல்லுங்க."

சலூன்காரர் வாய் திறப்பதற்குள் சலூனம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள்.

"வேணாம் தம்பி."

"இல்ல அண்ணி, சும்மா ஒரு மணி நேரம்..."

"ஒரு குச்சியத் தொட்டீங்கன்னா இந்த வீட்டுல உங்களுக்கு டீ கிடையாது!"

ரெண்டாம் நாற்காலி கத்தரியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நழுவினார். சலூன்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. அவளுக்கே நம்பிக்கை போய்விட்டது, எப்படியும் விட்டுவிட்டுப் போகிற கொடிதானே என்று கைகழுவிவிட்டாள் என்று நினைத்தார். கேட்கவில்லை. கேட்க அவர் கையில் கத்தரி இல்லை.

அந்தக் குளிர்காலம் மாதிரி ஒரு குளிர்காலத்தை அந்த வீடு கண்டதில்லை. கடையில் பேசித் தீர்த்துவிட்டு வருகிறவர் பேசாமல் இருந்தால் அது ஒரு மாதிரி. நாள் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது வேறு மாதிரி. "ம்" கூடக் குறைந்துவிட்டது. சலூனம்மா ஏதாவது பேச்சுக் கொடுத்துப் பார்ப்பாள். தெருவில் கேட்ட கதையைத் தானே சொல்லிப் பார்ப்பாள். அவளுக்குச் சொல்ல வராது. பாதியில் முடிவைச் சொல்லிவிடுவாள். பிறகு அவளும் பேசாமல் துணி மடிப்பாள். ஏழாவது மாடியிலும் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து, யாருடைய கையோ மாதிரி இருந்தது. கொல்லைக்குப் போய்க் கொடியைத் தொட்டுப் பார்த்தவர், "ஏய்! இங்க வா!" என்று கத்தினார். பல நாளில் அவர் பேசிய உரத்த பேச்சு அதுதான்.

குச்சிகளின் கணுவில் எல்லாம் கொழுகொழுவென்று வீங்கியிருந்தது. மேலே பூனை முடி போல மெல்லிய சாம்பல் ரோமம்.

"கட்டி கட்டியா வந்திருக்கு பாரு. வெட்டாம விட்டோம்ல, நோய் புடிச்சிருச்சு."

சலூனம்மா ஒரு வீக்கத்தை விரலால் தடவினாள். சத்தம் கேட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரின் வழுக்கை எழும்பியது.

"வீக்கமா சார்? பல்லுன்னா நான் பாப்பேன்." எட்டிப் பார்த்தார். "அட, இதுவா? எங்க பக்கம் வருஷா வருஷம் இப்படித்தானே வீங்கும்! அப்புறம் பூத்துடும்."

சலூன்காரர் மறுபடி ஒரு கணுவைத் தொட்டுப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் இருக்கவில்லை. காலையில் எழுந்தால் கொல்லை. ரோமத்தோல் வெடித்து, உள்ளே சின்னச் சின்னச் செதிலாக அடுக்கிய பச்சை வந்தது. பச்சை நீண்டது, தொங்கியது, ஊதாவானது. ராத்திரி பனி விழுந்தபோது பழைய படுக்கை விரிப்பை எல்லாம் எடுத்துக் கம்பியில் போர்த்தினார். சலூனம்மா, "அதுக்குப் பனியெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க, எனக்குப் போத்திக்க ஒண்ணு விடுங்க" என்றாள். அவர் காதில் விழவில்லை.

ஒரு நாள் காலை கதவைத் திறந்தால், சுவரே காணோம். நீலம்!

என்ன சொல்ல! மேலே ஓட்டிலிருந்து கீழே தண்ணீர்த் தொட்டிவரை கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. வாசனை திரையைத் தாண்டிக் கடைக்குள் போயிற்று. ரெண்டாம் நாற்காலி வெட்டுவதை நிறுத்திவிட்டு வந்தார். அவர் பின்னாலேயே, கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு, பாதித் தலை வெட்டிய ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். அவர் பின்னால் பெஞ்சில் இருந்தவர்கள். தெருவே வந்தது. "எங்க தலைமுடிதான் இது, ஞாபகம் இருக்கட்டும்" என்று ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். டாக்டர் முதன்முறையாகச் சலூன் வாசல் வழியாக உள்ளே வந்தார். "இங்க இருந்து பாத்தா எங்க பக்கத்த விட நல்லா இருக்கு சார்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

சலூனம்மா கொத்துகளுக்கு அடியில் போய் நின்றாள். கை தானாக இடுப்புக்குப் போய், அங்கே இல்லாத குடத்தைப் பிடித்துக்கொண்டது. அழுதாள். யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை. சலூன்காரருக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. வாக்கைக் காப்பாற்றிவிட்டார். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் காப்பாற்றிவிட்டார்.

எல்லாரும் போன பிறகு, பழக்கதோஷத்தில் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது.

சமையலறை ஜன்னல் ஓரத்தில் ஒரு கை நீளத்துக்குப் பூவே இல்லை. வெறும் பச்சை. அது முடிகிற இடத்தில், கோடு கிழித்த மாதிரி, நீலம் தொடங்கியது. முடி வெட்டுகிறவருக்குக் கோடு தெரியாதா? எது வெட்டின இடம், எது வெட்டாத இடம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல் திங்கட்கிழமை ஸ்டூல் போட்ட இடம் அது. திரும்பிச் சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஏணி இல்லை, நேரமும் இல்லை.

மெதுவாகப் போய்ச் சமையலறைப் படியில் உட்கார்ந்தார். சலூனம்மா அங்கே பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா."

"ம்?"

"குளிருக்கு வெட்டினது தப்பா?"

அவள் ஒரு டம்ளரைச் சுற்றி முடித்தாள். "ஆமா."

"பூவு அந்தக் குட்டைக் குச்சியிலதான் உக்காந்திருக்கா? நான் அதத்தான் வருஷா வருஷம் சீவித் தள்ளினேனா?"

"ஆமா. அப்பா பூ முடிஞ்ச கையோட கோடையிலதான் வெட்டுவார். நீட்டமா ஆடறத மட்டும். இலை கொட்டினப்புறம் அதும்மேல யாரையும் கை வெக்க விடமாட்டார்."

சலூன்காரர் அவள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா? மொதல்லேருந்தே?"

"தெரியும்."

"அடிப்பாவி! முப்பது வருஷமா ஸ்டூலப் புடிச்சிக்கிட்டு நின்னியே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உனக்காகத்தானே இத்தனையும்! ஊரே என்னப் பாத்துச் சிரிச்சிருக்கும்!"

சலூனம்மா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். டாக்டர் வீட்டுப் பூ வருஷா வருஷம் வந்து நின்ற டம்ளர் அது.

"மொத வருஷமே சொல்லத்தான் வந்தேன். நீங்க ஸ்டூல்ல ஏறிட்டீங்க. கத்தரிய ரெண்டு தட்டு தட்டுனீங்க. கதை சொல்ல ஆரம்பிச்சிட்டீங்க. கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்துல நீங்க எங்கிட்ட அவ்வளவு நேரம் பேசினது அன்னிக்குத்தான். நான் சொல்லியிருந்தா நீங்க எறங்கியிருப்பீங்க." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பூ நாலு நாள்ல உதிர்ந்துடும். நீங்க ஒரு மாசம் பேசுவீங்க. எனக்கு அது போதும்னு விட்டுட்டேன்."

அவர் அந்த டம்ளரை எடுத்துப் பார்த்தார்.

"அப்ப இந்த வருஷம் மட்டும் ஏன் ரெண்டாம் நாற்காலிய வெட்ட விடல?" என்று கடைசியில் கேட்டார்.

"அவர் வெட்டினா யாரு பேசுவா? நீங்க ஏற முடியாத வருஷம். பூவாவது இருக்கட்டும்னு."

திரைக்கு அந்தப் பக்கம் ரெண்டாம் நாற்காலியின் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சலூன்காரர் தன்னுடைய மெலிந்த வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் எழுந்து கடைக்குள் போனார்.

உயரமான ஸ்டூலை இடது கையால் இழுத்துக்கொண்டு வந்தார். கொல்லையில், பூக்களுக்கு நடுவே, சுவரோரம் போட்டார்.

"ஐயையோ, என்னங்க! இப்ப வெட்டாதீங்க, பூவா நிக்குது!"

"வந்து புடி."

"கை என்ன ஆவறது!"

"புடிம்மான்னா!"

ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்தாள். அவர் ஏறினார். தலை கொத்துகளுக்குள் போயிற்று. நீல இதழ்கள் தோளில் உதிர்ந்தன. சட்டைப் பையிலிருந்து கத்தரியை எடுத்தார். விரல்கள் வளையத்துக்குள் ஒவ்வொன்றாகப் போயின. கிளைப் பக்கமே கொண்டுபோகவில்லை. வெறும் காற்றில், அவள் தலைக்கு மேலே, சரக் என்று ஒரு தட்டுத் தட்டினார். வலித்தது. இன்னொரு தட்டு.

"அந்த நாடகத்து ராஜா கதை சொன்னேன்ல, ஒட்டு மீசைக்காரன்?"

"ஆமா?"

"அதுல பாதிதான் சொன்னேன். மறுவாரம் அவன் பொண்டாட்டி வந்தா..."

சரக், சரக். ஸ்டூல் ஆட ஆரம்பித்தது.